ஆண்டிறுதி நன்கொடை: சிங்கப்பூர்த் தமிழ் வணிகர்களுக்கும் சங்கச் செயற்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். தீபாவளி தொடங்கிப் பொங்கல் வரை நம் கலைக்குழுக்களுக்குப் பழக்கூடையும் பொன்னாடையும் நிறைய வருகின்றன. அந்த அன்பை மதிக்கிறோம். ஆனால் ஜனவரியில் குழு கட்ட வேண்டியவை அரங்க முன்பணம், ஒத்திகைக்கூட வாடகை, ஒளியமைப்பாளர் ஊதியம். ஆகவே இம்முறை பணமாகவே கொடுங்கள்.

பணம் என்றால் எவ்வளவு மாறும் என்று பாருங்கள். ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்புத் தகுதி) பெற்ற அறநிறுவனத்துக்கு நீங்கள் தரும் பணத்தில் 250 விழுக்காடு உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிகிறது. 31 டிசம்பர் 2026 வரை தரும் நன்கொடைகளுக்கு இது பொருந்தும். 1,000 வெள்ளி தந்தால் 2,500 வெள்ளி கழியும். 17 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு 425 வெள்ளி மிச்சம். கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்கு வரும் தனியார் பண நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு சேர்க்கும் அரசாங்க நிதி 2013 முதல் இருக்கிறது. குழு விண்ணப்பித்து, அதன் உச்சவரம்பும் தீராமல் இருந்தால் கையில் கிடைப்பது 2,000 வெள்ளி. உங்கள் நிகரச் செலவு 575தான். பழக்கூடைக்கு இந்த இரண்டும் இல்லை.

பெரும்பாலும் சறுக்குவது சின்ன இடங்களில். குழுவின் ஐபிசி தகுதிக்குக் காலக்கெடு உண்டு; அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தேடி அது இன்னும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பொருளாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் வழியாகப் பணம் அனுப்பாதீர்கள். அமைப்பின் கணக்குக்கோ கிவிங்.எஸ்ஜி என்ற நன்கொடைத் தளம் வழியாகவோ அனுப்புங்கள். தனிநபரானால் அடையாள அட்டை எண்ணையும் நிறுவனமானால் பதிவு எண்ணையும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வரிக்கழிவு கிடைக்காது. தனிநபருக்கு 31 டிசம்பர் கடைசி நாள். நிறுவனத்துக்கு உங்கள் நிதியாண்டு முடியும் நாள். பதிலுக்கு விருந்து மேசையோ நுழைவுச்சீட்டோ வாங்கினால் அதன் மதிப்பு போக மீதிக்குத்தான் வரிக்கழிவு.

இன்னொன்று, எங்கள் பார்வையில் இதுவே முக்கியம். “நாயகியின் உடைக்கு மட்டும்” என்று நிபந்தனை போடாதீர்கள். உடைக்குப் பணம் தர ஆள் கிடைப்பார். கணக்குத் தணிக்கைக்கும் காப்புறுதிக்கும் யாரும் முன்வருவதில்லை. பொதுச் செலவுக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

ஐபிசி தகுதி இல்லாத சிறு குழுக்களுக்கு நன்கொடையைவிடத் தொழில் கொடுப்பது மேல். உங்கள் ஆண்டிறுதி விருந்துக்கு அவர்களை அழைத்து முறையான கட்டணம் கொடுங்கள், பாதியை முன்பணமாக. ஊழியர்களுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸ் (கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட அரசாங்கம் தரும் தொகை) பற்றியும் சொல்லுங்கள்: 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரருக்கு 100 வெள்ளி இருக்கிறது, 2028 இறுதி வரை செல்லும். பலர் தொடவே இல்லாமல் வைத்திருப்பார்கள்.

கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போங்கள், திங்கட்கிழமை தவிர. அத்தகைய நிலையத்துக்கு உங்கள் வீட்டு அலமாரியும் உதவக்கூடும்: பழைய கடைக் கணக்கேடு, குடிநுழைவுத் தாள், திருமணப் படம். இவற்றை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்தால் மேற்படலம் கிழிந்து முகமே போய்விடும். அந்தப் பக்கத்தை அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நம் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் பூஞ்சை வரும். அமிலமற்ற காகித உறையே நல்லது. படத்தில் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதை உறையின் மேல் பென்சிலில் எழுதுங்கள், முதியவர்களிடம் கேட்டு, இந்த விடுமுறையிலேயே.

பொருளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போக வேண்டாம். முதலில் படம், அளவு, யாருடையது, உங்களிடம் எப்படி வந்தது என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். உடன்பிறந்தோர் எல்லாருடைய சம்மதத்தையும் அதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். உரிமையை மாற்றிக் கையெழுத்திடும் நாளில்தான் பல நல்ல கொடைகள் நின்றுபோகின்றன.

இப்படிக்கு,
சமூகக் கலை அமைப்புகளின் கணக்கும் ஆவணமும் பார்ப்போர்