மெடிக்கல் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வியாசர்பாடியில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி போதை ஊசியைத் தொடாமல் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அவனைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான், சரி.

முதல் நன்றி எங்கள் தெரு மெடிக்கல் அண்ணனுக்கு. டேபென்டடால் என்று ஒரு வலி மாத்திரை. பொறுக்க முடியாத வலிக்கு டாக்டர் எழுதித் தருவது. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள் பிள்ளைகள். சீட்டு இல்லாமல் தம்பி போய்க் கேட்டபோது அண்ணன் தரவில்லை. அதோடு விடாமல், அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கே வந்து, "இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையே போடுறானே, கையைப் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் பார்த்திருக்கவில்லை. தூங்கும்போது சட்டையை ஏற்றிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கறுத்துக் கிடந்தது.

பயத்தில் ஒரு தனியார் போதை மீட்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். நாற்பது நாள் அடித்துத்தான் அனுப்பினார்கள். வந்த மூன்றாம் நாளே பழைய அளவைப் போட்டுவிட்டான். இடையில் நிறுத்தியிருந்தால் உடம்புக்கு அந்த அளவு தாங்காதாம், மூச்சே நின்றுவிடுமாம். இதெல்லாம் அப்போது தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து, அவனைக் கன்னத்தில் தட்டித் தட்டி மூச்சு விடவைத்தே கொண்டுபோய்ச் சேர்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, உங்களுக்கு நான் என்ன சொல்வேன்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு டாக்டரம்மா, "இது திமிர் இல்லம்மா, வியாதி" என்று அவன் எதிரிலேயே சொன்னார். அதுவரை அவனை யாரும் வியாதிக்காரனாகப் பார்த்ததில்லை, நான் உட்பட. போதை ஏக்கத்தை அடக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தினமும் நர்ஸ் அக்கா பொடித்து அவன் நாக்கின் அடியில் வைப்பார். கரையும்வரை பேசக் கூடாது. அதனால் அவரே பேசிக்கொண்டிருப்பார், தன் மகளின் கணக்கு மார்க், பஸ் கூட்டம், ஏதாவது. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அந்தப் பேச்சைக் கேட்கவே போகிறேன் என்பான் தம்பி. இன்றும் போகிறான். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரம்மா சொல்லட்டும்.

எச்.ஐ.வி. இல்லை என்றதும் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் சார்தான் விடாமல், ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கும் அனுப்பினார். ஒரே ஊசியை நாலு பேர் போட்டதில் அது வந்திருந்தது. 12 வாரம் மாத்திரை, ஒரு ரூபாய் வாங்கவில்லை, குணமாகிவிட்டது. லேத் பட்டறை முதலாளிக்கும் நன்றி, திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கும், யார் கேட்டாலும் "மஞ்சக்காமாலை" என்று சொல்லிக் காப்பாற்றியதற்கும்.

இந்தியாவில் இந்த மாதிரி ஓபியாய்டு (அபின், ஹெராயின், இந்த வலி மாத்திரை எல்லாம் சேர்ந்த வகை) போதையிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்று 2019இல் வந்த மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. அத்தனை வீட்டுக்கும் ஒரு மெடிக்கல் அண்ணன் வாய்க்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. வாய்க்காதவர்கள் போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள். தம்பி சம்பளத்தில் உங்களுக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறான்.