மகள் பயிற்சிக்குப் போகும்போது

கிளிநொச்சி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மருத்துவ இறுதிப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று வாசித்ததும் பக்கத்து வீட்டாருக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன். இங்கே காலபோக விதைப்பு முடிந்து, நல்ல மழை பெய்துகொண்டிருக்கிறது. எல்லோரும் சுகம்.

உள்ளகப் பயிற்சிக்கு வன்னிப் பக்கம் கிடைத்தால் பிள்ளை தனித்துப்போய்விடுவாளோ என்று கவலைப்படுகிறாய். ஊர் தூரமாக இருப்பது பெரிய காரியமில்லை. அவள் எப்படிப்பட்ட வாட்டில், எப்படிப்பட்ட வைத்திய நிபுணரிடம் வேலை பழகுகிறாள் என்பதுதான் காரியம். தாதியாக இருந்த காலம் முழுவதும் இந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மழைக்காலத்து இரவு ஒன்றை நினைத்துப் பார். வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வரக்கூடும். பயிற்சியில் இருக்கும் பிள்ளை நோயாளியின் கட்டிலை விட்டு நகர முடியாது. 6 மணித்தியாலம் கழித்து மறுபடியும் அதே இரத்தப் பரிசோதனை. இதற்கிடையில், எலிக்காய்ச்சலோ என்று சந்தேகிக்கும் கமக்காரருக்குச் சிறுநீர் குறைகிறது என்று நாங்கள் கூப்பிடுவோம். விடிந்ததும் நிபுணர் வந்துவிடுவார். முதல் நாள் காலையில் உடுத்திய உடையோடே பிள்ளை அவர் முன்னால் நிற்பாள்.

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இலேயே எழுதினார்கள். அந்த நிலையில் ஒரு பிள்ளையிடம் மருந்தளவைக் கணக்கிடச் சொல்வது நோயாளிக்கும் அநியாயம். வைத்தியர்களின் உறுதிமொழியில் தன் உடல்நலத்தையும் பேணுவேன் என்ற வரியை உலக மருத்துவச் சங்கம் 2017இல்தான் சேர்த்தது. சேர்த்ததே பெரிது என்று நினைக்கிறேன்.

நித்திரையைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு நிபுணர், நோயாளிகளின் முன்னாலேயே பயிற்சி வைத்தியர்களைத் திட்டுவார். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு அவருக்குத் தொலைபேசி எடுக்கப் பயப்படுவார்கள். விடியட்டும் என்று காத்திருப்பார்கள். ஆபத்து அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. இன்னொரு நிபுணர் இருந்தார். ஒரு குழந்தை இறந்த அன்று, பயிற்சியிலிருந்த பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் வரவழைத்து, "என்ன நடந்தது, தொடக்கத்திலிருந்து சொல்" என்றார். முழுவதையும் கேட்டார். எதைத் தடுத்திருக்கலாம், எதை யாராலும் தடுத்திருக்க முடியாது என்று பிரித்துச் சொன்னார். அடுத்த நாள் அவள் வேலைக்கு வந்தாள். பிறகு எந்த நேரத்திலும் தயங்காமல் அவரைக் கூப்பிட்டாள்.

தெற்கிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைகளுக்குத் தனிமை இன்னும் கூட. அவர்களுக்கு எங்கள் தாதிமார் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள், இரவுச் சாப்பாடும் எடுத்துவைத்தார்கள். சிற்றுண்டிச்சாலை பூட்டிய பிறகு அந்தச் சோற்றுப் பார்சல்தான் பிள்ளைகளுக்குத் துணை.

நீ செய்யக்கூடியதும் உண்டு. பட்டமேற்படிப்பு, வெளிநாட்டுப் பரீட்சை என்ற பேச்சை இந்த ஒரு வருடத்துக்கு எடுக்காதே. நித்திரை கொண்டாயா என்று மட்டும் கேள். ஆறு மாதத்தில் வாட்டு மாறும்போது முடிந்தால் வந்து பார். விடுமுறையிலும் நித்திரை வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று பேசினால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதே. உடனே உதவி தேடு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியர் என்பதால் வெட்கப்படுவாள். நீ பக்கத்திலிருந்து அழைக்கச் சொல்.

நியமனக் கடிதம் வந்ததும் எந்த வைத்தியசாலை, எந்த வாட்டு என்று எழுது. கிளிநொச்சி என்றால் எங்கள் முன் அறை அவளுக்குத்தான். வாடகைப் பேச்சு எடுத்தாயானால் எனக்குக் கோபம் வரும்.

அன்புடன்,
உன் பழைய தோழி