கேள்விஞானம் வளர்க்கும் இசைப்பக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் இசையைப் பற்றி இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். இன்றைய பாடல்களில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒருவர் வருந்தியிருந்தார். மற்றவர் இளைஞர், நாகசுரமும் தேவாரமும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உரியவையே தவிர, உட்கார்ந்து கேட்பதற்கானவை அல்ல என்பது அவர் கருத்து. இருவரும் தாம் உணர்ந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆயினும், அந்த இரண்டு எண்ணங்களையும் ஒருசேர முப்பது ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, பிறகு இரண்டையும் கைவிட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் மயிலாடுதுறைக்கு அருகே ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஊரார் எங்களை மைக்செட்காரர் வீடு என்றே சொல்வார்கள். கல்யாண வீடென்றால் விடிவதற்கு முன்பே தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, முதல் தட்டாக நாகசுரத்தைப் போட வேண்டும். அம்மன் கோயில் திருவிழா என்றால் சீர்காழி கோவிந்தராஜன், நாகூர்ப் பக்கம் விசேஷம் என்றால் நாகூர் ஹனீபா. அவையெல்லாம் முடிந்த பிறகுதான் சினிமாப் பாட்டு. தட்டுகளைத் துணியால் துடைத்துக் கொடுப்பதும், தேய்ந்த ஊசியை மாற்றுவதும் சிறுவனான என் வேலை. நாகசுரத் தட்டு எப்போது முடியும் என்று காத்துக்கொண்டு நின்றதைத் தவிர, அதை ஒரு நாளும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. இங்கே கல்யாணம் நடக்கிறது என்று ஊருக்குத் தெரிவிக்கும் ஓசை, அவ்வளவுதான்.

பின்னர் வேலைக்குப் போனேன். என் செவி 1980களின் திரைப்பாடல்களிலேயே நின்றுவிட்டது. இளையராஜாவின் அந்தப் பாடல்கள் இன்றும் எனக்கு உயிர் போன்றவை. அவற்றைக் கேட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவற்றை மட்டுமே கேட்டதில்தான் வருத்தம். கைப்பேசி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் எடுத்துக் கொடுக்கும் செயலி, ஏறத்தாழ நூறு பாடல்களுக்குள் என்னைச் சுற்றிச் சுற்றி வரவைத்தது.

2021 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் தீ, அறிவு என்ற பாடகர்கள் இருவரும் பாடிய பாடல் ஒன்று வெளிவந்தது. என் மகள் அதை வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் முறை சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, அதற்குள் ஒப்பாரியின் சாயல் இருப்பது என் காதில் விழுந்தது. என் தந்தையாரின் தாயாரான அப்பாயி எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ஒப்பாரி வைக்கப் போவார். ஒவ்வோர் அடியையும் உச்சியில் எடுத்து, படிப்படியாக இறக்கி, கடைசிச் சொல்லை விம்மலில் கரைத்துவிடுவார். அந்த இடத்தில் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். ஆறு வயதில் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட அந்த இறக்கத்தை, இரைச்சல் என்று நான் ஒதுக்கிய பாட்டுக்குள் ஐம்பது வயதைத் தாண்டிக் கேட்டேன். அன்று மாலை அப்பாயியைப் பற்றி மகளிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நானே கேட்டு வாங்கிக்கொள்ளத் தொடங்கினேன். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாடல்களை மகள் எனக்கு அறிமுகப்படுத்தினாள். கானாவும் பறையும் ராப்போடும் ராக்கோடும் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பாடல்களில் எல்லாமே எனக்குப் பிடித்தன என்று சொல்லமாட்டேன். சிலவற்றைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அவற்றைக் கேட்ட பிறகு, பறை என்ற கருவியை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் பேசிக்கொள்ளும் பேச்சை, வீட்டு வாசலைக் கடந்து எத்தனையோ முறை போயும் நான் ஒருபோதும் கவனித்திருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மகள், “நான் சொன்னதையெல்லாம் நீங்க கேட்டீங்கப்பா. உங்க பக்கத்துலேருந்து எனக்கு ஒண்ணு சொல்லுங்க” என்றாள். யோசித்துவிட்டு, 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் இணைந்து வரும் ஆபேரி ராகப் பாடலைப் போட்டேன். நாகசுரத்துக்கு ஈடுகொடுத்துக் குரல் ஓடும் இடங்களில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசித்தவர் யார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்கள் இருவரையும், அருணாசலத்தின் குருவான திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உள்ளதைச் சொல்கிறேன்: முதல் முறை எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. கோயில் திருவிழாக்களில் தோடியை மணிக்கணக்காக வாசித்தவர் அவர் என்பார்கள்; பழைய அரக்கு இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் கொள்ளும். அந்தச் சிறிய இடத்துக்குள்ளும் அவர் அவசரப்படவில்லை என்பதை உணரவே எங்களுக்குப் பல நாட்கள் ஆயின. தோடியின் காந்தாரம் என்ற சுரத்தை அவர் ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. அசைத்து அசைத்து, ஊஞ்சல் போல மேலும் கீழும் கொண்டுபோய், அடுத்த சுரத்தைத் தொடப்போவது போலக் காட்டிவிட்டுத் திரும்புகிறார். விரல் வைப்பதற்கு ஏழு துளைகளே உள்ள ஒரு குழலில், மூச்சின் அழுத்தத்தாலும் ஊதுமுனையான சீவாளியைப் பற்றும் உதட்டாலும் இத்தனை நுட்பத்தையும் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, சிறுவயதில் நான் துடைத்துக் கொடுத்த தட்டுகளை நினைத்து மனம் கனத்தது.

ஒரு விடுமுறை நாளில் நரசிங்கம்பேட்டைக்குப் போனோம். பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த, வயதேறிய ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே நாகசுரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உச்சத்தில் ஒலிக்கும் குட்டையான திமிரிக்கு மாற்றாக, சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாயனத்தை ராஜரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கிக் கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. கடைசல் பட்டறையில், அடிப்பகுதியில் வரும் அகன்ற வாயான அணைசு பொருத்தாமல் வைத்திருந்த ஒரு குழலை என் மகள் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மறுமுனையில் மிளகளவு வெளிச்சம் தெரிந்தது. அத்தனை ஒலியும் இதற்குள்ளிருந்தா வருகிறது என்று கேட்டபடி, அதை வெகுநேரம் கீழே வைக்காமல் நின்றாள்.

தேவாரத்துக்கும் இதே வழியில்தான் வந்து சேர்ந்தோம். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்தது. சீர்காழியில் பிறந்த சம்பந்தரின் முதல் பதிகத்துக்குரிய பண்ணான, அதாவது பழந்தமிழ் ராகமான, நட்டபாடையையும் இன்று ஓதுவார்கள் கம்பீர நாட்டையில்தான் பாடுகிறார்கள். ஓதுவார் தருமபுரம் ப. சுவாமிநாதனின் பதிவில் அதைக் கேட்டபோது, மல்லாரி ஏற்கெனவே காதில் ஏறியிருந்ததால் பதிகம் புதிதாகத் தோன்றவில்லை. மேகராகக் குறிஞ்சி என்ற பண்ணின் பெயரைக் கண்டு தயங்கிய மகள், அது நீலாம்பரி ராகம்தான், தாலாட்டுக்கு உரியதுதான் என்று சொன்னதும் தானே எடுத்துக் கேட்டாள்.

இவ்வளவையும் எழுதுவது தங்கள் இதழிடம் ஒன்றைக் கேட்பதற்காகத்தான். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குக் கைபிடித்து அழைத்துப்போக யாராவது ஒருவர் எனக்கு வாய்த்தார்கள். அப்படி யாரும் வாய்க்காத வாசகர்களுக்குத் தங்கள் இசைப்பக்கம் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இப்போது அதில் படத்தின் பெயரும், நாயகன் பெயரும், பாடலை எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் வருகின்றன. ஒரு புதிய பாடலில் தவில் நன்றாக ஒலிக்கிறது என்று விமர்சகர் எழுதுகிறார். வாசித்தவர் பெயரையும் எழுதினால், அவருடைய கச்சேரியைத் தேடிப் போக ஒரு வாசகராவது இருப்பார். பாடலின் மெட்டு காவடிச்சிந்தை ஒட்டியதா, கானாவை ஒட்டியதா, எந்த ராகத்தின் சாயல் என்பதற்கு இரண்டு வரி ஒதுக்கலாம். திரைப்படம் சாராமல் வெளிவரும் இசைத்தொகுப்புகளுக்கும் இடம் வேண்டும். அதே பக்கத்தில் பழைய பதிவு ஒன்றையும் இதழ்தோறும் அறிமுகப்படுத்தினால், சென்ற இதழில் எழுதிய இருவரும் ஒரே பக்கத்தைப் படிப்பார்கள்.

என் மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் எனக்கு ஒரு புதிய பாடலை அனுப்புவாள்; ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குப் பழையது ஒன்றை அனுப்புவேன். சென்ற ஞாயிறன்று, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து ஒன்றை நாகசுரமும் தவிலுமாக வாசித்த பதிவை அனுப்பியிருந்தேன். தவில் யாருடையது என்று உடனே கேட்டு எழுதினாள். பதிவில் பாட்டின் முதல் அடி மட்டுமே இருக்கிறது; வாசித்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை.