புகார்: ஷெட்யூல் 40 பைப்பில் நிற்காத உங்கள் பிஸ்டன் வாஷர்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உதவி எண்ணைச் சென்னையில்தான் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் இன்னும் ‘பரிசீலனையில்’தானே இருக்கின்றன.

நான் வாங்கியது ஆற்றில் தங்கம் தேடக் கல்லையும் மணலையும் உறிஞ்சும் கைப்பம்பு கிட் என்று உங்களுக்கே தெரியும். வாஷரும் கைப்பிடிக் கம்பியும் மூக்குக் குழாயும் உங்களுடையது, ஷெட்யூல் 40 என்ற சுவர்த் தடிமன் உள்ள இரண்டு இஞ்ச் பிவிசி பைப் என்னுடையது. சொன்னபடியே அறுத்துப் பொருத்தினேன். தண்ணீரில் வைத்து இழுத்தால் வாஷரைச் சுற்றிக் காற்று இறங்குகிறது, ஒரு பொடிக் கல்கூட ஏறவில்லை. ஷெட்யூல் 40 பைப்பின் உள்விட்டம் 2.067 இஞ்ச், அதாவது 52.5 மி.மீ. உங்கள் வாஷர் வெர்னியர் அளவுகோலில் 50.8 மி.மீ. காட்டுகிறது. பைப்பைவிடத் துளி பெரிதாக இருக்கவேண்டியது சின்னதாக இருந்தால் எதை உறிஞ்சும்?

இதைச் சொன்னால் உங்கள் ஆள், “டூ இன்ச் பைப்னா உள்ளயும் டூ இன்ச்தான் சார், உங்க பைப் டூப்ளிகேட்டா இருக்கும்” என்கிறார். அளந்து அனுப்பிய படத்தைப் பாருங்கள் என்றேன். “ஆத்துல தங்கம் எடுக்கறவருக்கு முப்பது டாலர் ஒரு விஷயமா சார்?” என்று சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. அழைப்பு பதிவாகிறது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள். அந்தச் சிரிப்பை நான் விடப்போவதில்லை.

ரீனோவில் இருக்கும் உங்கள் கிடங்கு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேரில் போனால் மாற்றித் தருவார்கள் என்றதும் நீங்கள்தான். சாக்ரமெண்டோவிலிருந்து டோனர் கணவாய் ஏறி இறங்கிப் போனால், “ஆன்லைன் ஆர்டருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை” என்று கிடங்கு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பெட்ரோல் காசை யார் தருவார்?

கலிஃபோர்னியாவில் ஆற்றில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை 2009லேயே நிறுத்தியாயிற்று. கைப்பம்பை விட்டால் எங்களுக்குக் கதியில்லை. தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம், அடிப்பாறை இடுக்கில் போய்த்தான் உட்காரும், மணல் அலசும் தட்டை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வடக்கு யூபா ஆற்றில் தண்ணீர் இறங்கி அந்த இடுக்குகள் கைக்கு எட்டுவது கோடைக் கடைசியில். அந்தப் பருவம் முழுக்க உங்களால் நாசம். ஒரு அவுன்ஸாவது கிடைத்திருக்கும், இன்றைய விலைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! சைக்கிள் டியூபை வெட்டி வாஷர்மேல் சுற்றியதும் இதே பைப்தான் தங்கத்தோடு சேர்ந்து கிடக்கும் கனமான கருமணலை அள்ளிக்கொண்டு வந்தது, டியூப் கிழியும்வரை. அப்புறம் எப்படிப் பைப் டூப்ளிகேட்?

தயவுசெய்து சரியான வாஷரை அனுப்புங்கள், இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்புங்கள். போனில் சிரித்த அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் கார்டு நிறுவனத்திடம் பணத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வேன், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் போடுவேன். சிறுவழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் வைக்காமலே 12,500 டாலர் வரை கேட்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். அவ்வளவு தூரம் போகவிடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாஷரை வீட்டு முகவரிக்கே அனுப்பவும். ரீனோவுக்கு இனி வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்