கேஸ்கேடு மலைத்தொடரில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கனடாவிலிருந்து வட கலிபோர்னியா வரை நீளும் கேஸ்கேடு எரிமலைத் தொடரை நேரில் பார்க்க வேண்டும் என்பது, புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியோடு வந்தவர் நிறைந்த மனதோடு திரும்பினார். அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

ஒரேகானில் உள்ள கிரேட்டர் ஏரியின் விளிம்பில் பணியிலிருந்த பெண் ரேஞ்சருக்கு முதல் நன்றி. அதிகம் நடக்காமலே ஏரி முழுவதும் தெரியும் இடத்துக்கு வழிகாட்டியதோடு, அப்பா அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னீர்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற மலை வெடித்துத் தன்னுள்ளேயே சரிந்ததையும், அந்தப் பள்ளத்தை மழையும் பனியும் மட்டுமே நிரப்பியதையும் நீங்கள் விவரித்தபோது அப்பா மாணவராகிவிட்டார். 594 மீட்டர் ஆழம்! வந்து சேரும் ஆறும் இல்லை, வெளியேறும் ஆறும் இல்லை. அந்த நீலத்தை எந்தப் படமும் காட்டியதில்லை. நூறாண்டுக்கும் மேலாக நிமிர்ந்தபடியே மிதக்கும் மரக்கட்டையின் கதையை அப்பா இப்போது பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார்.

செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குப் போகும் வழியில், செல்பேசித் தொடர்பே இல்லாத காட்டுச் சாலையில் எங்கள் காரின் டயர் வெடித்தது. கேட்காமலே வண்டியை நிறுத்திய தம்பதியரே, ஒருவர் டயரை மாற்ற, மற்றவர் அப்பாவை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். பிறகு எரிமலையைப் பார்க்கும் இடமான விண்டி ரிட்ஜ் வரை எங்கள் பின்னாலேயே வந்தீர்கள். பெற்ற பிள்ளைகள்கூட இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

அங்கே ரேஞ்சர் ஒருவர், அந்த எரிமலை வெடித்த 1980 மே 18 ஞாயிறு காலையைக் கண்முன் நிறுத்தினார். மலையின் வடபுறம் சரிந்து விழுந்தது. உயரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் போயிற்று. 57 பேர் இறந்தார்கள். அன்று சாய்ந்த மரங்கள் ஸ்பிரிட் ஏரியில் இன்னும் மிதக்கின்றன. படியேற முடியாத அப்பாவுக்காக அவர் கீழேயே நின்று, நுரைக்கல் சமவெளியில் முதலில் வேர்பிடித்த லூபின் செடியைக் காட்டினார். மண்ணே இல்லாத இடத்தில் தனக்கான தழைச்சத்தைத் தானே தேடிக்கொண்ட செடி அது. அதைப் பார்த்ததும் அப்பாவின் கண்கள் கலங்கிவிட்டன.

நாங்கள் சந்திக்க முடியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மலையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் அதைக் கண்காணித்தபடியே அன்று உயிர்நீத்த எரிமலையியலாளர் டேவிட் ஜான்ஸ்டன். எதிர்ப்புக்கு நடுவிலும் அப்பகுதியை மூடிவைக்க வாதாடிப் பலரைக் காப்பாற்றிய அவருடைய சகாக்கள். 1982இல் அந்த நிலத்தைப் பாதுகாத்து, அது தானாகவே துளிர்க்கட்டும் என்று விட்டுவைத்தவர்கள். உங்கள் அனைவருக்கும் அப்பாவின் சார்பிலும் என் சார்பிலும் நெஞ்சார்ந்த நன்றி.