கடன் தராத அக்காவுக்கு நன்றி

நேற்று சாயங்காலம் கடன் கொடுத்த நிறுவனத்தில், இனி நிலுவை எதுவும் இல்லை என்ற கடிதம் கைக்கு வந்தது. ஒரே ஒரு தாள். அதிலும் என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள், திருத்தி வாங்க அரை மணி நேரம் அதே நாற்காலியில் காத்திருந்தேன். முன்பெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே வயிற்றைப் பிசையும். நேற்று அங்கேயே கண் சொக்கியது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தூக்கம் போய்விட்டது, விடிகிற வரைக்கும் புரண்டுவிட்டு இப்போது இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடனில் எப்படி விழுந்தேன் என்பதை மறுபடி கிளறப் போவதில்லை. கடனை அடைத்த இந்த 50 மாதங்களில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாடகையை இரண்டு முறை தாமதமாக வாங்கிக்கொண்டு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாத வீட்டுக்காரர், தன் பையனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை “அலமாரியில இடமே இல்லை” என்று சொல்லி என் மகனுக்குக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா, கூடிப் பேசுகிற இடத்தை எனக்காகவே காசு செலவாகாத இடமாக மாற்றிவிட்டு ஏன் மாற்றினோம் என்று கடைசிவரை சொல்லாத நண்பர்கள், கூடுதல் வேலை வரும்போதெல்லாம் என் பெயரை முதலில் எழுதிய மேலாளர், கடனைக் கேட்டு போன் செய்தவர்களில் குரலை உயர்த்தாமல் பேசிய ஒரே ஒருவர், எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு இங்கே நன்றி சொன்னால் “எனக்கு எதுக்குக் கடிதம்” என்பாள், அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

மீதி இடமெல்லாம் அக்காவுக்கு.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் எனக்கும் அப்படியொன்றும் நெருக்கம் கிடையாது, காலையில் எதிரில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதோடு சரி. கேட்கக்கூடிய எல்லோரிடமும் கேட்டு முடித்த பிறகு மிச்சம் இருந்த ஆள் என்றுதான் அவரிடம் போனேன். மூன்று நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு மதிய இடைவேளையில் போய் நின்று கடன் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “பணம் தரமாட்டேன் தம்பி. தந்தா அது இன்னொரு கடன். உனக்கு வந்த கடிதம் அத்தனையும் நாளைக்கு எடுத்துட்டு வா.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கொடுக்க மனசு இல்லாதவர்களுக்குத்தான் புத்தி சொல்ல நேரம் கிடைக்கும் என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். ஆனாலும் மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன், வேறு வழி என்ன இருந்தது.

ஒரு பிளாஸ்டிக் பை நிறைய உறைகள். பதினொரு மாதமாக ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிக்காதவரை உள்ளே இருக்கிற தொகை ஏறாது என்று ஒரு நம்பிக்கை, சிரிக்காதீர்கள், கடனில் இருந்தவர்களுக்குப் புரியும். அக்கா ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு உறையாகக் கிழித்தார். கிழித்ததைத் தேதி வாரியாக அடுக்கினார். ஒரு பழைய கால்குலேட்டர் வைத்திருந்தார், அதில் 5 என்ற பொத்தான் சுலபத்தில் வேலை செய்யாது, கட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 5 வருகிற எண் எல்லாவற்றுக்கும் அவர் ஒரு நொடி நின்று அழுத்துவார். அந்த மதியம் முழுக்க நான் அந்தக் கட்டை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

பெரிய கடனுக்கு வருடத்துக்கு 24 சதவீத வட்டி, அதாவது மாதம் 2. பாக்கி என் தவணையைப் போல் 40 மடங்கு இருந்தது. “நீ 100 கட்டினா அதுல 80 வட்டிக்குப் போகுது, 20தான் அசலுக்கு. இப்படியே போனா இன்னும் 81 மாசம்” என்றார். நான் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் பாக்கி அசையவே இல்லை என்று குழம்பிப்போயிருந்தேன். கிணற்றில் போட்ட கல் எங்கே போனது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிரெடிட் கார்டு இன்னும் மோசம், மாதம் 3 சதவீதம். நான் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன், பாக்கியில் 5 சதவீதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாக்கி குறையக் குறைய அந்த மினிமமும் குறைந்துகொண்டே வரும் என்பதால், புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும் கடன் பாதியாவதற்கே 32 மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய பாக்கி இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் புதிய செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதெல்லாம் அந்த உறைகளுக்குள் பொடி எழுத்தில் இருந்தவைதான். கார்டை வாங்கி ஒரு காகித உறையில் போட்டு, கடன் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்னட்டையில் செல்லோ டேப்பால் ஒட்டிவிட்டார். வெட்டிப் போடவில்லை. “வேணும்னா பிச்சுக்கோ, ஆனா பிச்சது தெரியும்” என்றார்.

எதை முதலில் அடைப்பது என்று கேட்டேன். “கணக்குப்படி வட்டி அதிகமானதைத்தான் முதல்ல அடைக்கணும். ஆனா உனக்கு இப்போ கணக்கை விடத் தெம்பு வேணும்” என்று சொல்லி, இருந்ததிலேயே சின்னதான மொபைல் தவணையை முதலில் முடிக்கச் சொன்னார். இரண்டாவது மாதமே முடிந்தது. அப்புறம் கார்டு. ஒன்று முடிந்ததும் அதற்குக் கட்டி வந்த பணம் வீட்டுச் செலவுக்கு வரக் கூடாது, அப்படியே அடுத்த கடனுக்குப் போக வேண்டும். கூடுதலாகக் கட்டும்போதெல்லாம் இதை அசலில் வரவு வையுங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சில இடங்களில் அடுத்த மாதத் தவணையை முன்கூட்டியே கட்டியதாக வைத்துக்கொள்வார்கள். முன்னதாக முடித்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்கச் சொன்னார். 81 மாதம் 50 ஆனது இப்படித்தான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இந்தக் கணக்குக்காகக்கூட இல்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ராத்திரி ஏழு மணி வாக்கில் அவர் போன் செய்வார். முதல் மாதம் பெருமையாக “கட்டிட்டேன் அக்கா” என்றேன். “கட்டினதைக் கேக்கல. அசல் எவ்வளவு குறைஞ்சது?” என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. நான் செய்யலாம்தான், என் போனில் எப்போதும் பேலன்ஸ் இருக்காது, ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அவரே கூப்பிடுவார்.

அந்தக் கேள்வியில் குத்தல் இருக்காது, இரக்கமும் இருக்காது. காய்ச்சல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைப் போலக் கேட்பார். என் கடனைப் பற்றி மற்றவர்கள் பேசியது எல்லாம் ஒன்று மிரட்டலாக இருக்கும், அல்லது விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்கிற உபதேசமாக இருக்கும். சாதாரணக் குரலில் அதைப் பேச ஒரு ஆள் இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினான்காவது மாதம் அவரிடம் பொய் சொன்னேன். அந்த மாதம் கூடுதலாக எதுவும் கட்டவில்லை, மனசு வெறுத்துப் போய் தேவையில்லாத ஒன்றுக்குச் செலவழித்துவிட்டேன். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் உண்மையான எண்ணைச் சொன்னபோது கழித்துப் பார்த்தால் ஒத்துவராது, அது எனக்கே தெரியும், ஆனால் இரண்டாவது பொய்யைச் சொல்லத் தெம்பில்லை. போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பொத்தான் அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. “போன மாசம் நான்தான் தப்பா எழுதிட்டேன் போல. திருத்திக்கிறேன்” என்றார்.

வாழ்க்கை முழுக்கக் கணக்கு எழுதியவர். தப்பாக எழுதுகிற ஆள் கிடையாது. அன்றைக்கு ராத்திரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. தண்ணீரும் காசுதானே என்று பாதியில் குழாயை மூடியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு மாதமும் பொய்யான எண்ணைச் சொல்லவில்லை.

குறைந்த பணத்தில் ஓட்டுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சம்பளம் வந்த அன்றே கடனுக்கானது போய்விட வேண்டும், மிச்சத்தை மாதமாகப் பார்க்காமல் வாரமாகப் பிரித்து உறையில் போட்டால் கடைசி வாரம் கொஞ்சம் மூச்சுவிட முடியும். கடனில் இருக்கும்போதே ‘திடீர்’ என்று எழுதிய ஒரு உறை வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார், கடனையே கட்ட முடியாதவன் எதைச் சேமிப்பது என்று சண்டை போட்டேன். பைக் நின்றுபோன அன்றைக்கு அந்த உறைதான் என்னைக் கார்டிடம் போகாமல் காப்பாற்றியது. காசில்லாதவனுக்குத்தான் எல்லாமே விலை கூடுதல் என்பதும் பட்டுத் தெரிந்தது, மொத்தமாக வாங்கப் பணம் இல்லாமல் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி அதிகம் கொடுப்போம், நல்ல செருப்பு வாங்க முடியாமல் வருடத்துக்கு மூன்று மட்டமான செருப்பு வாங்குவோம். இதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. எல்லாவற்றையும் விடக் கஷ்டம், யாராவது எங்காவது கூப்பிடும்போது சாக்குத் தேடுவது. ஒரு கட்டத்தில் “இப்போ பணம் இல்லை” என்று அப்படியே சொல்லப் பழகினேன். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது, பத்தாவது தடவை சாதாரணமாகிவிட்டது.

நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டியது முடிந்துவிட்டது, ஆனால் மூன்று நண்பர்களுக்குப் பாக்கி இருக்கிறது. வட்டி இல்லாத கடன் என்பதால் கணக்குப்படி கடைசிக்குப் போனது, உறுத்தலில் அதுதான் முதல். இத்தனை வருடமும் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்காத அந்த மூன்று பேருக்கும் சொல்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து பழைய தவணைத் தொகை அப்படியே உங்களுக்கு வரும். நோட்டில் எழுதியாகிவிட்டது.

அக்கா, அதனால் 5-ஆம் தேதி இன்னும் ஓயவில்லை. ஆனால் இந்தத் தடவை நீங்கள் கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடுகிறேன். போனில் பேலன்ஸ் இருக்கிறது.