கதையிலிருந்து செய்திக்கு

ஆசிரியருக்கு, வணக்கம்.

நாவலைப் படித்து முடித்ததும் 'கதைச் சுருக்கம் எழுது' என்று பிள்ளைகளிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில், கதையில் வரும் ஒரு சம்பவத்தைச் செய்தியாக எழுதச் சொல்கிறேன். 5-ஆம் வகுப்புக்கு இது எட்டாத காரியம் என்று சக ஆசிரியர்கள் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

முதல் தடவை எல்லோரும் கதையைப் போலத்தான் தொடங்குவார்கள். கப்பல் மூழ்கும் அத்தியாயத்தை எடுத்துக்கொண்ட ஒரு சிறுமி, விடியற்காலையில் வானம் கறுத்ததில் ஆரம்பித்தாள். கப்பல் மூழ்கியது கடைசி வரியில்தான் வந்தது. உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தைக் கையில் கொடுத்தேன். அரை மணி கழித்து, "புயலில் சிக்கிய சரக்குக் கப்பல் மூழ்கியது, சிறுவன் மட்டும் உயிர் தப்பினான்" என்று எழுதி வந்தாள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்திருந்தால் இது வந்திருக்காது.

சிக்கல் வேறிடத்தில். நாவல், பாத்திரத்தின் மனதுக்குள் நுழைந்து பார்க்கும். நிருபரால் அது முடியாது. 'சிறுவன் பயந்தான்' என்று எழுதினால், 'உனக்கு யார் சொன்னது?' என்று கேட்பேன். 'பயமாக இருந்ததாகச் சிறுவன் கூறினான்' என்று திருத்துவார்கள். (இதே கேள்வியைச் சில செய்தியாளர்களிடமும் கேட்கத் தோன்றுவதுண்டு.) நேர்கூற்று, அயற்கூற்றுப் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அளவில் மட்டும் கறார்: 100 சொற்கள். வாரம் ஒருமுறை, மாணவர் எழுதிய இப்படியொரு செய்திக்கு உங்கள் சிறுவர் பகுதியில் இடம் தருவீர்களா?

– தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்